பால் மாந்தமும் பத்தியச் சாப்பாடும்

பொங்கல் விழாப் பந்தியாக இருந்தாலும் சரி, நவராத்திரிக் கொலுவாக இருந்தாலும் சரி, கைக்குழந்தையோடு வரும் இளம் தாய்மார்கள் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மாமி, நான் சாப்பிட்டது ஏதோ குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எதை நிறுத்தட்டும்?" தில்லியில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் இந்த உரிமை. கேட்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவள் ஏற்கெனவே பாதிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள் என்று.

நம்மவர் வீட்டுப் பிரசவங்கள் இப்போது பெரும்பாலும் இங்கேயே நடக்கின்றன. பெண் ஊருக்குப் போவதற்குப் பதில், பெண்ணின் அம்மா தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார். கூடவே பிரசவ லேகியம், அங்காயப் பொடி, சுண்டைக்காய் வற்றல் எல்லாம் இறங்கும். பத்தியமும் இறங்கும். பருப்பு வாயு, உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் கூடாது, வேர்க்கடலை கூடாது, கத்தரிக்காய் அரிப்பு, பழம் குளிர்ச்சி. மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அன்போடு ஒரு டப்பா பஞ்ஜீரி கொண்டு வருவார், நெய் மணக்க மணக்க. இந்த அம்மாவின் தமிழ் அவருக்குப் புரியாது. அவருடைய இந்தி இந்த அம்மாவுக்குப் புரியாது. ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் பரிபூரண உடன்பாடு. பிள்ளை பெற்றவள் நிறையப் பால் குடிக்க வேண்டும், அப்போதுதான் தாய்ப்பால் ஊறும்!

இதில்தான் வேடிக்கை இருக்கிறது. தாயின் உணவிலிருந்து தாய்ப்பால் வழியாகப் போய்க் குழந்தைக்குத் தொல்லை கொடுக்கும் பொருள்களில் முதலிடம் பருப்புக்கும் இல்லை, உருளைக்கிழங்குக்கும் இல்லை; பசும்பாலுக்குத்தான். அதற்கு அடுத்தபடியாக சோயா, முட்டை. பத்தியம் மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, பாலை மட்டும் நாளைக்கு நாலு டம்ளராக ஏற்றிவிடுகிறது. அதற்காக எல்லோரும் பாலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளில் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாதவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதுதான் கணக்கு. மற்ற வீடுகளில் தாய் வயிற்றைக் கட்டுவது வீண் வேலை.

வாயு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பருப்பும் முட்டைக்கோஸும் சாப்பிட்டால் வாயு சேர்வது உண்மை. ஆனால் அது தாயின் பெருங்குடலில் நடக்கிற சமாச்சாரம். செரிக்காமல் தங்கும் நாரை அங்குள்ள கிருமிகள் நொதிக்க வைப்பதால் வருவது அது. தாய்ப்பாலோ தாயின் ரத்தத்திலிருந்து உண்டாகிறது. குடலில் தங்கிவிட்ட நார் ரத்தத்தில் கலப்பதில்லை, ஆகவே பாலுக்கும் வருவதில்லை. மணமும் ருசியும் வரும். 1991ல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், தாய் பூண்டு சாப்பிட்ட பிறகு பாலில் பூண்டு மணம் ஏறியதையும், அப்போது குழந்தைகள் இன்னும் அதிக நேரம் மார்பைப் பற்றியிருந்ததையும் கண்டார்கள். பிரசவித்தவளுக்குப் பூண்டை அள்ளிப் போட்ட நம் பாட்டிமார்களுக்கு அது புதுச் செய்தி அல்ல.

புரதத்தின் கதை வேறு. தாய் சாப்பிட்ட பால், முட்டை போன்றவற்றின் புரதம் மிக மிகச் சிறிய அளவில் சிதையாமலே ரத்தத்தில் நுழைந்து, சில மணி நேரத்தில் தாய்ப்பாலில் தலைகாட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குழந்தைகள் அதைச் சட்டை செய்வதில்லை. மிகச் சில குழந்தைகளின் உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்கு நிற்கிறது. குடலின் உட்சுவர் சிவந்து புண்ணாகிறது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அழுகை மட்டும் அடையாளம் ஆகாது. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், 6 வார வாக்கில் உச்சத்தைத் தொட்டு, 3, 4 மாதத்தில் தானாகத் தணிவது இயற்கை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பித்து ராத்திரி வரை வீட்டையே கூட்டும். நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் என்று 1954ல் வெஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஓர் அளவு சொன்னார்கள். டாக்டர்கள் 'கோலிக்' என்பது இதைத்தான். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றும் கிடையாது. குடித்தபின் வாயோரம் கக்குவதும், ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை மஞ்சளாகவோ பச்சையாகவோ போவதும், ஒரு மாதம் கழிந்தபின் நாலைந்து நாள் போகாமலே இருப்பதும்கூட அப்படித்தான். ஊரில் இதற்கெல்லாம் சேர்த்து 'பால் மாந்தம்' என்று ஒரே பெயர்.

சிக்கல் என்னவென்றால், எதை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அந்த அழுகை நிற்கத்தான் போகிறது. நிற்பதற்கு முன் கடைசியாக எதை விலக்கினார்களோ, அதன் தலையில் பழி விழும். "கத்தரிக்காயை விட்டேன், மூன்றே நாளில் குழந்தை தூங்கியது" என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள். அங்கும் கத்தரிக்காய் நிற்கும்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. மலத்தில் சளியோடு நூல் நூலாக ரத்தம். கன்னத்திலும் கை கால் மடிப்புகளிலும் எதற்கும் ஆறாத கரப்பான். கக்கல் அல்ல, திரும்பத் திரும்ப வாந்தி. பசி இருந்தும் இரண்டு வாய் குடித்துவிட்டு முதுகை வில்லாக வளைத்துக் கதறுவது. எல்லாவற்றுக்கும் மேலாக எடை. முதல் 3 மாதத்தில் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இவை சரியாக இருந்து, ரத்தமும் கரப்பானும் இல்லாமல் வெறும் அழுகை மட்டும் என்றால் தாய் நன்றாகச் சாப்பிடலாம். ரத்தம் கண்டாலும் உடனே பாலைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆசனவாயில் வெடிப்பு இருக்கலாம். தாயின் மார்புக் காம்பு வெடித்து, அந்த ரத்தத்தைக் குழந்தை விழுங்கியிருக்கலாம். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சிலவற்றுக்கு நாள் பார்க்கவே கூடாது. சிவப்பு ஜெல்லி போல மலம், விட்டு விட்டு வீறிட்டு அழுகை, பச்சைப் பித்த வாந்தி, வயிறு உப்பல், குழந்தை துவண்டு போவது, உடம்பெல்லாம் திடீரென்று தடித்து முகம் வீங்குவது, மூச்சு இழுப்பு – இவற்றில் எது வந்தாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவிக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது. சொல்லப் போனால், வசம்பு எந்த நேரத்திலும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டாம். அதில் நஞ்சு உண்டு.

மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். 7 வாரப் பெண் குழந்தை, மலத்தில் சளியும் ரத்தக் கோடும். தாய் மூன்று வாரமாக மிளகு ரசம் சாதம், சுட்ட அப்பளம், நாலு டம்ளர் பால் என்று இருந்தாள். ஆறு கிலோ இளைத்திருந்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 'லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை, தாய்ப்பாலை நிறுத்திவிட்டு லாக்டோஸ் இல்லாத பவுடர் கொடுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழுத அழுகை, குழந்தையின் அழுகையை விடப் பெரிது.

இந்தக் குழப்பம் பல இடங்களில் நடப்பதால் விளக்கிச் சொல்கிறேன். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் இருக்கிறது. பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். தாய் பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த அளவு மாறாது. பிறவியிலேயே லாக்டோஸைச் செரிக்க முடியாத குழந்தை மிக மிக அபூர்வம். கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாள் செரிக்காமல் போவது உண்டு. அது தானே சரியாகும். தாய்ப்பால் வழியாக வரும் தொல்லை சர்க்கரையால் அல்ல, புரதத்தால். லாக்டோஸ் நீக்கிய பவுடர்களிலோ பல, பசும்பால் புரதத்தால் ஆனவை! எது ஆகவில்லையோ அதையே டப்பா டப்பாவாகக் கொடுப்பதாக முடியும். 1992ல் வந்து 2003ல் திருத்தப்பட்ட சட்டம், 2 வயது வரையான குழந்தைகளுக்கான பவுடர்ப் பாலை விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் தடுக்கிறது. சீட்டில் எழுதுவதை அது தடுக்காது. "தாய்ப்பாலை ஏன் நிறுத்த வேண்டும்?" என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேளுங்கள்.

இவர்கள் இன்னொரு குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் பவுடரையும் நிறுத்தினார், பத்தியத்தையும் நிறுத்தினார். தாய் எல்லாம் சாப்பிடலாம், பால் வகை மட்டும் 4 வாரத்துக்குக் கூடாது என்றார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிக்கு மனசே ஆறவில்லை. "பாலைக் குடிக்காமல் பால் எப்படி ஊறும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். "பசு என்ன, பால் குடித்தா பால் கறக்கிறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்துவிட்டார். பால் ஊறுவது குழந்தை சப்பிக் குடிக்கக் குடிக்கத்தான். அன்றிலிருந்து சமையலறையில் காவல்காரர் அவர்தான்.

காவல் தேவைதான். பால் என்றால் டம்ளர்ப் பால் மட்டும் அல்ல. தயிர், மோர், வெண்ணெய், பனீர், கோவா, இனிப்புக் கடைப் பட்டியலில் முக்கால்வாசி. நெய்யிலும் புரதம் சிறிது தங்கியிருக்கும். அதனால் பஞ்ஜீரியும் ஒதுங்க வேண்டியதாயிற்று. (மாடி வீட்டு அம்மாளுக்கு விளக்கிச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்ததாம்.) பிஸ்கட், ரொட்டி, சத்து பானப் பொடி ஆகியவற்றின் பாக்கெட்டில் 'பால் கலந்தது' என்ற எச்சரிக்கை வரி இருக்கும், படித்துப் பார்த்து வாங்க வேண்டும். எருமைப் பாலும் ஆட்டுப் பாலும் மாற்று அல்ல. அவற்றின் புரதம் பசும்பால் புரதத்துக்கு நெருங்கிய பங்காளி.

ஐந்தாம் நாளிலிருந்து ரத்தக் கோடு குறைந்து, இரண்டாவது வாரத்தில் நின்றது. இத்தோடு விட்டால் கத்தரிக்காய்க் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. தானாகவே நின்றிருக்கலாம், அப்படிப் பல குழந்தைகளுக்கு நிற்கவும் செய்கிறது. ஆகவே 4 வாரம் முடிந்ததும் டாக்டர் தாயை மறுபடி பால் குடிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் ரத்தம் திரும்பியது. அதன் பிறகுதான் உறுதி செய்து, தொடர்ந்து விலக்கச் சொன்னார். திரும்பி வராவிட்டால் பால் நிரபராதி என்று விட்டுவிட வேண்டியதுதான். ஒரு சமயத்தில் ஒரே பொருளை விலக்குங்கள், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரேயடியாகப் பத்தை நிறுத்தினால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

பாலை விட்டவளுக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. முதல் 6 மாதத்துக்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாகவும் வேண்டும். ரசம் சாதத்தில் இது நடக்காது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. எள்ளிலும் கீரையிலும் உண்டு. கரோல் பாகிலும் ஆர்.கே. புரத்திலும் நம் கடைகளில் ராகி மாவு கிடைக்கும். கிடைக்காத பேட்டைகளில் உத்தராகண்டுக்காரர்கள் கடையில் 'மண்டுவா' என்று கேளுங்கள், அதேதான். இருந்தாலும் உணவால் மட்டும் ஈடுகட்டுவது கடினம் என்பதால், டாக்டரிடம் கேட்டுக் கால்சியம் மாத்திரையும் போட்டுக்கொள்ள வேண்டும். பாட்டி எள்ளுருண்டை பிடித்தார், கேழ்வரகு அடை தட்டினார், பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தார். பெண்ணுக்கு முகம் தெளிந்தது.

பால் ஆகாது என்பது ஆயுள் தண்டனை அல்ல. இந்த ரத்தக் கோடு வகைக் குழந்தைகளில் பெரும்பாலானவை ஒரு வயது வாக்கில் பாலை ஏற்றுக்கொள்கின்றன. 6 மாதம் முடிந்ததும் சாதம், பருப்பு, கேழ்வரகுக் கஞ்சி, காய், பழம் எல்லாம் மற்றக் குழந்தைகளைப் போலவே ஆரம்பிக்கலாம். வேர்க்கடலையையும் முட்டையையும் பயந்து தள்ளிப்போடத் தேவையில்லை. கடலையை முழுசாகத் தராமல் நைசாக அரைத்துக் கலந்து கொடுக்க வேண்டும். பாலை மட்டும் டாக்டர் சொல்லும் மாதத்தில், முதலில் மாவோடு சேர்ந்து நன்றாக வெந்த பண்டமாக, பிறகு தயிராக, கடைசியில் பாலாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம். முன்பு உடம்பு தடித்து முகம் வீங்கிய குழந்தைக்கு இந்தப் பரீட்சையை வீட்டில் வைக்கக் கூடாது. அதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.