வழித்த தோசையும் விளக்கைச் சுற்றிய வளையமும்

பேப்பர் ரோஸ்ட் போடும் மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். மாவை ஊற்றிச் சுழற்றித் தேய்த்ததும், மேலே வேகாமல் நிற்கும் மாவை நடுவிலிருந்து வழித்து எடுப்பார். நடுப்பகுதி தாள்போல மெலிந்துவிடும். வழித்த கை எங்கே நின்றதோ அங்கே வட்டமாக ஒரு வரம்பு மிஞ்சும். மைனஸ் பவருக்காகச் செய்யும் லேசிக் சிகிச்சையில் கருவிழிக்கு நடப்பது ஏறக்குறைய இதுதான். சிகிச்சைக்குப் பிறகு, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று சிலர் சொல்வதற்கு அந்த வரம்பு ஒரு முக்கியக் காரணம்.

கருவிழியின் நடுப்பகுதி சுமார் 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் மேற்பரப்பில் 100 முதல் 120 மைக்ரான் கனத்துக்கு ஒரு மூடியை வெட்டி, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி விலக்கி வைக்கிறார்கள். அடியில் உள்ள திசுவை 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர் வழித்தெடுக்கிறது. சுற்றுப்புறம் கருகாமல் உயிர்த்திசுவை இந்த லேசரால் செதுக்கலாம் என்று 1981 நவம்பரில் ஐபிஎம் ஆய்வகத்தில் சோதித்துக் கண்டவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். அவர் சோதித்ததும் சாப்பாட்டில் மிஞ்சிய ஒரு பொருளைத்தான்: விருந்துக்குச் சமைத்த வான்கோழி.

வழிக்கும் வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் 6 முதல் 6.5 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் கண்பாப்பா 3, 4 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருப்பதால், சீராக வழித்த நடுப்பகுதியின் வழியாக மட்டுமே ஒளி உள்ளே போகிறது. இருட்டில், அதிலும் இளம் வயதினருக்கு, பாப்பா 7 மில்லிமீட்டர்வரைகூட விரியும். அப்போது வரம்பின் வழியாகவும் ஒளி நுழைகிறது. அந்தக் கதிர்கள் கூடுதலாக வளைந்து விழித்திரைக்கு முன்னாலேயே குவிவதால், ஒற்றைப் புள்ளியாகத் தெரிய வேண்டிய விளக்கைச் சுற்றி மங்கலான வட்டம் படர்கிறது. பாப்பா அவ்வளவு விரியாதவர்களுக்கும் இது வரலாம். இயற்கையான கருவிழி நடுவில் அதிகமாக வளைந்து ஓரத்தை நோக்கித் தட்டையாகும். வழித்த பிறகு நடுப்பகுதி தட்டையாகிவிடுவதால், வட்டத்துக்குள்ளேயே நடுக்கதிரும் ஓரக்கதிரும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. பவர் அதிகமாக இருந்தால் வழிப்பதும் அதிகம், வித்தியாசமும் அதிகம்.

அப்படியானால் இன்னும் அகலமாக வழித்தால் என்ன? 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 மைக்ரான் எடுக்க வேண்டும். வட்டத்தை 7 ஆக்கினால் அது 16 ஆகிறது. மைனஸ் 6 உள்ளவருக்கு 72 மைக்ரானில் முடிந்திருக்கக்கூடிய வேலை 98க்குப் போய்விடும். மூடிக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது மருத்துவர்கள் காக்கும் எல்லை. அதற்கும் கீழே போனால் கருவிழி பலமிழந்து முன்னால் பிதுங்கும் ஆபத்து கூடுகிறது. ஆகவே வளையமில்லாத இரவும் உறுதியான கருவிழியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சிகிச்சைக்கு முன்பே, தன் கருவிழியின் தடிமனையும் பாப்பா இருட்டில் விரியும் அளவையும் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

அடுத்து எண்ணெய். தோசைமேல் எண்ணெய் சீராகப் பரவாவிட்டால் அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கும். கண்ணீர்ப் படலத்தின் மேலடுக்கும் எண்ணெய்தான், அதற்கு அடியில் நீர். மூடியை வெட்டும்போது கருவிழியின் நுண்நரம்புகளும் அறுபடுகின்றன. உணர்ச்சி குறைகிறது, கண் சிமிட்டுவது குறைகிறது, கண்ணீரும் குறைகிறது. படலம் திட்டுத் திட்டாகக் கலைந்து, விளக்கொளி கதிர்கதிராகச் சிதறுகிறது. கண்ணைச் சிமிட்டியதும் பார்வை ஒரு கணம் தெளிந்தால், வறட்சியைச் சந்தேகிக்கலாம். நரம்புகள் மெல்ல வளர்ந்து சேர மாதக்கணக்கில் ஆகும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று நடத்திய ப்ரௌல் ஆய்வுகளில், முன்பு எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம்வரை, மூன்றாம் மாதத்தில் குறைந்தது ஒரு புதிய தொந்தரவைச் சொன்னார்கள். அதிகம் சொல்லப்பட்டது ஒளிவட்டம். அதே ஆய்வுகளில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் பார்வையில் திருப்தி என்றார்கள். அன்றாட வேலையே மிகவும் தடைபட்டது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

வெளிச்சமான அறையில், வெள்ளைப் பலகையில், கறுப்பு எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் சோதனையில் இந்த வளையம் அகப்படாது. அங்கே 6/6 வந்துவிட்டது என்பதற்காக, இரவில் வண்டி ஓட்டப் பயப்படுபவரிடம் ‘எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் மனப்பிரமை’ என்று சொல்லக் கூடாது. அவர் பார்ப்பது உண்மையான ஒளிச்சிதறல். வறட்சிக்குச் சொட்டு மருந்தும், மிஞ்சிய பவருக்கு இரவுக் கண்ணாடியும் உதவும். பாப்பா இருட்டில் அதிகம் விரியாமல் தடுக்க, கண்ணழுத்த நோய்க்குத் தரும் பிரிமோனிடின் சொட்டு மருந்தைச் சில மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். திசு போதுமான அளவு மிஞ்சியிருந்தால், கருவிழியின் மேடுபள்ளங்களை அளந்து மறுபடி லேசர் செய்யலாம். மறுபடி வழிக்க இடமில்லாதவர்களுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் இருக்கிறது. அது கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழிமேல் அமர்ந்து, இடையில் நிரப்பிய திரவத்தால் அந்த மேடுபள்ளத்தைச் சமன்செய்கிறது.