கடுகண்ணாவைக் கணவாய்: மலையைக் குடைந்த வீதியும் மறக்கப்பட்ட கரங்களும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் பயணம் செய்வோர் வீதி வழியாகச் சென்றாலும் புகையிரதத்தில் சென்றாலும் கடந்தே ஆகவேண்டிய சிறு நகரம் கடுகண்ணாவை. கண்டியிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் மலையின் விளிம்பில் அமர்ந்திருக்கும் இந்நகரைப் பெரும்பாலானோர் பஸ் வண்டியின் யன்னலூடாகவே அறிவர். வளைந்து வளைந்து ஏறும் வீதி, அதன் ஓரத்தில் துளையிடப்பட்ட ஒரு பெரும்பாறை, உச்சியை அடைந்ததும் வெண்ணிறக் கோபுரம் ஒன்று. இவ்வளவையும் கண்டு முடிப்பதற்குள் நகரம் பின்னால் போய்விடும். ஆயினும் இந்நாட்டின் அரசியலையும் பொருளாதாரத்தையும் மாற்றியமைத்த இரு பெரும் வேலைகள் இச்சிறு நகரின் ஊடாகவே நிறைவேறின என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்டி இராச்சியத்தின் இயற்கை அரண் அதன் மலைகளே. மேற்கிலிருந்து வரும் எந்தப் படையும் கரையோரச் சமவெளியை விட்டுச் செங்குத்தான சரிவில் ஏறியாக வேண்டும். கடுகண்ணாவைக்கு அண்மையில் உள்ள பலனைக் கோட்டை அந்தச் சரிவைக் காவல் செய்தது. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தமைக்கு மலைநாட்டு வீரர்களின் திறமையோடு நிலத்தின் அமைப்பும் காரணமாயிற்று. கண்டி மன்னர்கள் அகன்ற பாதைகளை அமைக்க முனையவில்லை. ஒருவர் பின் ஒருவராக நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதைகளும் அவற்றுக்குக் குறுக்கே முள்ளாலான வாயில்களுமே இருந்தன. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் இம்முள்வாயில்களைத் தமது நூலில் விவரித்துள்ளார். பாதையின்மையே அக்காலத்தில் பாதுகாப்பாக இருந்தது.

மலையைக் குடைந்து வருபவனே கண்டியை ஆளுவான் என்று முன்னோர் கூறியதாகவும், அதனாலேயே ஆங்கிலேயர் கடுகண்ணாவைப் பாறையைத் துளைத்ததாகவும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கேட்பதற்குச் சுவையான இக்கதை காலக்கணக்கோடு பொருந்தவில்லை. நாயக்கர் வம்சத்து மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் சிறைப்பட்டதும், பிரதானிகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் மூலம் நாடு பிரித்தானியர் வசமானதும் 1815இல். வீதி வேலை தொடங்கியது அதற்குப் பின்னரே. பிரதானிகளின் பிளவு ஏற்கெனவே கண்டியின் கதவைத் திறந்துவிட்டிருந்தது. பாறையைத் துளைத்த வீதியின் நோக்கம் கைப்பற்றிய நாட்டைக் கைவிட்டுப் போகாமல் வைத்திருப்பதே. 1817, 1818 ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சி, துருப்புக்களை விரைந்து நகர்த்த வழியில்லாத ஆட்சி நிலையற்றது என்பதை ஆங்கிலேயருக்கு உணர்த்தியிருந்தது.

தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவர். 1820களில் அவரது பணிப்பின்படி கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. அதைத் திட்டமிட்டு நடத்தியவர் அரச பொறியியற் படையின் கப்டன் டோசன். அவர் 1829 மார்ச் 28ஆம் திகதி கொழும்பில் காலமானார். நண்பர்கள் தாமாகத் திரட்டிய நிதியில் 1832இல் எழுப்பப்பட்டதே நகரின் உச்சியில் நாம் காணும் டோசன் கோபுரம். நூறடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அதன் உள்ளே சுழன்றேறும் மரப்படிகள் உண்டு.

அந்த 1832ஆம் ஆண்டு இன்னும் சில காரணங்களால் நினைவுகூரத்தக்கது. கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே குதிரைகள் பூட்டிய தபால் வண்டிச் சேவை அவ்வாண்டில் ஆரம்பமாயிற்று. ஆசியாவிலேயே இத்தகைய முதற் சேவை அதுவே எனக் கூறப்படுகிறது. அதே ஆண்டில், கண்டியின் கடைசி மன்னன் தமிழகத்தின் வேலூரில் அரச கைதியாகவே உயிர் நீத்தான். வீதியமைத்தவனுக்கு மலையுச்சியில் கோபுரம். முடியிழந்தவனுக்குப் பாலாற்றங்கரையில் கல்லறை. ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

ஆனால் பாறையை உடைத்த கைகள் கப்டனுடையவை அல்ல. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையின் கீழ் அழைத்துவரப்பட்ட மலைநாட்டுக் கிராமவாசிகளும், தென்னிந்தியர் பலரை உள்ளடக்கிய பயனியர் படையினருமே அவ்வேலையைச் செய்தனர். மன்னருக்குச் செய்யும் கடமையாக இருந்த இராஜகாரியம், ஆங்கிலேயர் கையில் வீதிக்கு ஆள் திரட்டும் கருவியாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து 1830களின் தொடக்கத்தில் அம்முறை ஒழிக்கப்பட்டபோது வீதி முடிந்துவிட்டது. கோபுரத்தின் கல்வெட்டில் அதிகாரியின் விஞ்ஞானமும் திறமையும் புகழப்படுகின்றன. தொழிலாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

படைக்காக அமைந்த வீதி விரைவிலேயே கோப்பிக்கான வீதியாயிற்று. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை பின்னர் மலைநாடெங்கும் பரவியது. மூட்டை மூட்டையாகக் கோப்பியை மாட்டுவண்டிகளில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்திற்கு அனுப்பப் பல நாட்கள் பிடித்தன. வண்டிக்கூலியும் தாமதமும் தோட்ட முதலாளிகளின் இலாபத்தைத் தின்றன. அவர்களது வற்புறுத்தலாலேயே புகையிரதப் பாதைத் திட்டம் உருவாகி, 1858இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் வேலைக்கு அடிகோலப்பட்டது. 1865இல் அம்பேபுஸ்ஸ வரையும் 1867இல் கண்டி வரையும் பாதை திறக்கப்பட்டது.

ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏறத்தாழ 13 மைல் தூரமே இப்பாதையின் மிகக் கடினமான பகுதி. இந்த இடைவெளியில் தண்டவாளம் சுமார் 1,400 அடி உயர வேண்டியிருந்தது. மலையைச் சுற்றி வளைத்து, ஒவ்வொரு 45 அடிக்கும் ஓரடி என்ற ஏற்றத்தில் பாதை அமைக்கப்பட்டது. சாதாரண இரும்புச் சக்கரம் வழுக்காமல் ஏறுவதற்கு இது பெருஞ் சரிவாகும். ஆகவே நீராவி இயந்திரக் காலத்தில் ரம்புக்கனையில் வண்டித்தொடரின் பின்னால் இன்னோர் இயந்திரத்தைப் பூட்டித் தள்ளும் வழக்கம் இருந்தது. அலகல்லை மலையின் விலாவில் பாறையைச் செதுக்கிச் செல்லும் இடத்தில் ஒருபுறம் சுவராகக் கல்லும் மறுபுறம் ஆழமான பள்ளத்தாக்கும் இருக்க, தொலைவில் பைபிள் பாறை எனப்படும் பத்தலேகல தோன்றும் காட்சியைப் பயணிகள் இன்றும் எழுந்து நின்று பார்க்கின்றனர். அப்பள்ளத்தாக்கில் பாதை அமைத்தோர் பலர் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியாயினர் என்பதை அக்காட்சி சொல்வதில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கோப்பி புகையிரதத்தில் இறங்கத் தொடங்கிய காலத்திலும் கோப்பியைப் பறித்த தமிழகத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கால்நடையாகவே வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளையை அடைந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. விளைபொருளுக்குக் கிடைத்த வாகனம் விளைவித்தவருக்குக் கிடைக்கவில்லை. மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி மேற்கொண்டவர்கள் இந்த உண்மையையே தம் கால்களால் மீண்டும் எழுதினர்.

இன்று கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை உள்ளது. 2014 டிசம்பரில், இலங்கைப் புகையிரத சேவையின் 150 ஆண்டு நிறைவையொட்டி அது திறக்கப்பட்டது. கண்டிப் பக்கமாகச் சற்றுத் தூரம் சென்றால் கிரிபத்கும்புறையில் நெடுஞ்சாலை நூதனசாலையையும் காணலாம். வாகனங்கள் விலகிச் செல்ல அருகே புதிய வழி வெட்டப்பட்டதால் துளைக்கப்பட்ட பாறை பழைய வீதியின் சிறு துண்டுடன் காப்பாற்றப்பட்டுள்ளது. பாடசாலை மாணவர்களை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடங்கள் இவை. இயந்திரங்களுக்கு இடம் கிடைத்த அளவுக்கு மனிதர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தால் நன்று.

கடுகண்ணாவை வெறும் பழங்கதை அல்ல என்பதை 2025 நவம்பர் நமக்குக் கொடூரமாக நினைவூட்டியது. அம்மாதம் 22ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் சரிந்து வீதியோரக் கடையின் மீது விழுந்ததில் ஆறு பேர் உயிரிழந்தனர். ஒரு வாரம் கழியுமுன் வந்த டித்வா சூறாவளி மலைநாடெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கியது. கணவாய் வீதி மூடப்பட்டது. புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்து சேவை நின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மன்னர்கள் விரும்பிய தனிமை, சில நாட்களுக்கு மக்கள் விரும்பாமலே கண்டிக்குத் திரும்பி வந்தது.

மலைச்சரிவின் அடியை வெட்டி வீதி அமைக்கும்போது மேலே உள்ள மண் தன் தாங்கலை இழக்கிறது. தொடர் மழையில் நீர் மண்ணின் இடுக்குகளில் நிறைந்து அதன் எடையைக் கூட்டுவதோடு, மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் இடையிலுள்ள பிடிப்பையும் தளர்த்துகிறது. மேலே மரங்கள் அழிந்து, வடிகால்கள் அடைபட்டு, கீழே கட்டடங்களுக்காக மேலும் மண் வெட்டப்பட்டால் சரிவு காலத்தைப் பொறுத்த விடயமாகிவிடும். இதில் வியாபாரியை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. வீதியோரம் அவருக்கு வாழ்வாதாரம்; பாதுகாப்பான மாற்றிடம் காட்டாமல் எழுந்துபோகச் சொல்வது தீர்வாகாது.

வீதியை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது நமது பழைய நோய். வடிகால்களை ஆண்டுதோறும் துப்புரவு செய்தல், அபாயச் சரிவுகளைக் கண்காணித்தல், எச்சரிக்கை விடுக்கப்பட்ட உடனேயே போக்குவரத்தை நிறுத்தும் துணிவு ஆகியன புதிய வீதி திறப்பதைப் போல விழாவுக்குரியவை அல்ல. ஆயினும் உயிர்களைக் காப்பவை அவையே. டோசனுக்குக் கோபுரம் எழுப்பியவர்கள் தொழிலாளரை மறந்தனர். நாமும் அவ்வீதியில் பிழைப்போரையும் பயணிப்போரையும் மறப்போமானால், இருநூறு ஆண்டுகளில் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றே பொருள்படும்.