மண்ணின் ஈரமும் கருவியின் கணக்கும்

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளை நம் குடியானவர்கள் பரம்பரையாக இரண்டு வழிகளில் அறிந்து வந்துள்ளனர். ஒன்று, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையிற் பிடித்துப் பார்ப்பது. மற்றொன்று, உச்சிப் பொழுதில் இலை துவளுவதைக் கவனிப்பது. இரண்டும் நல்ல முறைகளே. எனினும், கையின் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். இலை சொல்லும் செய்தியோ காலங்கடந்து வரும். பம்புசெட்டுக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. ஆனால் கிணற்றில் நீர் நம் விருப்பப்படி ஊறுவதில்லை. ஆதலின், மண்ணின் ஈரத்தையும் உஷ்ணத்தையும் அளக்கும் சிறு மின்னணுக் கருவிகளைப் பற்றி வீரபாண்டி வட்டார அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். இவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் நொய்யற் கரை மண்ணில் இக்கருவிகள் பொய் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை அறியாமல் கருவியை நம்புவோர் பயிரை இழக்க நேரிடும்.

தத்துவம்

ஈர மண் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். உலர்ந்த மண் தடுக்கும். அந்தத் தடையை அளந்தால் ஈரத்தை மதிப்பிடலாம். 1940-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பூயோக்கோஸ், மிக் என்னும் ஆராய்ச்சியாளர்கள், ஜிப்சக் கட்டியினுள் இரு மின்முனைகளைப் பதித்து மண்ணிற் புதைத்து அளக்கும் முறையை வெளியிட்டனர். நம் அண்டையில், 1912-இல் தோன்றிய கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் ஈரங்காட்டும் கருவி ஒன்றை உருவாக்கியுள்ளது. அதனை மண்ணிற் செருகினால் நான்கு நிற விளக்குகளுள் ஒன்று எரியும். நீலம் எரிந்தால் ஈரம் மிகுதி. பச்சை எரிந்தால் போதுமானது. ஆரஞ்சு எரிந்தால் நீர் பாய்ச்சலாம். சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். எழுத்தறியாதவரும் இதனைப் படிக்கலாம்.

செய்யும் முறை

துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இரண்டை ஓர் அங்குல இடைவெளியில் நிறுத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி, சிறு கட்டியாக உறைய விடுக. கம்பிகளிலிருந்து மின்வயர்களை மேலே கொணர்ந்து, 10,000 ஓம் மின்தடை ஒன்றுடன் தொடராக இணைத்து, ‘அர்டுயினோ’ போன்ற சிறு மின்னணுப் பலகையிற் சேர்த்தால், அது 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைக் காட்டும். அளக்கும் கணநேரம் மட்டுமே மின்சாரம் செலுத்துக. நேர்மின்னோட்டம் ஓயாது பாய்ந்தால் மின்முனைகள் அரிக்கப்படும்.

உஷ்ணத்துக்கு, ‘டி.எஸ்.18பி20’ என்னும் உணர்கருவி எஃகுக் குழாயில் அடைக்கப்பட்டுக் கடைகளிற் கிடைக்கின்றது. அது நம் மண்ணின் உஷ்ணத்தை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். காய்கறித் தோட்டமாயின் இரண்டையும் 15 செ.மீ. ஆழத்தில், வேர் படரும் இடத்தில் அருகருகே புதைக்க வேண்டும். வாய்க்காலை ஒட்டியோ, சொட்டுநீர் விழும் துளையின் கீழோ புதைத்தல் தவறு.

உஷ்ணத்தை ஏன் அளக்க வேண்டும்? மண்ணீரின் மின்கடத்தல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 சதவீதம் உயரும். அதே ஈரமுள்ள மண், காலையை விடப் பிற்பகலில் அதிக ஈரமுள்ளதாகக் கருவிக்குத் தோன்றும். ஆகவே தினமும் ஒரே வேளையில், விடியற்காலையில் எண்ணைக் குறிப்பது சிறப்பு. சோகையால் மூடிய பாத்திக்கும் மூடாத பாத்திக்கும் உள்ள உஷ்ண வேறுபாட்டையும் இதனாற் காணலாம்.

உப்பு செய்யும் வஞ்சனை

சாயத் தொழிலின் உப்பு நொய்யலிற் கலந்ததும், கழிவை அறவே வெளியேற்றாத நிலையை எய்தாத சாய, சலவை ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதும் அங்கத்தினர்கள் அறிந்தவையே. நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் அகல்வதன்று. உப்பு நீர் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். ஆதலின், உப்பேறிய மண் உலர்ந்திருந்தும் ஈரமுள்ளது போலக் கருவி காட்டும். அன்றியும், உப்பு மிகுந்த மண்ணிலிருந்து வேர் நீரை உறிஞ்சுவதும் கடினம். பயிர் தாகத்தால் வாடும் வேளையில் ‘ஈரம் போதும்’ என்று கருவி சொல்லுமாயின், அதனால் விளையும் நஷ்டம் கருவியே இல்லாதவனின் நஷ்டத்தை விடப் பெரிது.

ஜிப்சக் கட்டி இக்குறையை ஓரளவு தணிக்கின்றது. கட்டியில் ஜிப்சம் சிறிது சிறிதாகக் கரைந்து உள்ளே ஒரே அளவான கரைசலை வைத்திருப்பதால், வெளியிலுள்ள மிதமான உப்பு அளவைப் பெரிதும் மாற்றுவதில்லை. ஆனால் கடும் உப்புக்கு அது ஈடுகொடாது. நாளடைவிற் கட்டியும் கரைந்துபோகும். மின்தேக்குத் திறனை அளக்கும் மற்றொரு வகை உணர்கருவிக்கு உப்பின் பாதிப்பு குறைவு. அறவே இல்லை என்பதற்கில்லை.

தராசே சாட்சி

ஆகவே கருவியின் எண்ணைத் தராசால் சோதிக்க வேண்டும். நம் நெசவாளர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. பஞ்சு வாணிபத்தில், 100 கிலோ உலர் பஞ்சுக்கு 8.5 கிலோ ஈரம் என்பது ஏற்கப்பட்ட அளவு. மண்ணுக்கும் அதே கணக்குத்தான். உணர்கருவியின் அருகே மண்ணெடுத்து, மூடிய டப்பாவில் உடனே நிறுக்க வேண்டும். பின்னர், ஆய்வுக்கூடத்தில் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்துவர். வீட்டில், இளஞ்சூட்டில் வாணலியில் எடை மாறாத வரை உலர்த்தினால் போதும். 115 கிராம் மண் 100 கிராமாகக் குறைந்தால் ஈரம் 15 சதவீதம்.

பாசனம் செய்து மிகுநீர் வடிந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஒரு முறை, பாதி காய்ந்தபின் ஒரு முறை, இலை துவளத் தொடங்கும்போது ஒரு முறை இவ்வாறு நிறுத்து, அவ்வப்போது கருவி காட்டிய எண்ணையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அதன்பின், துவளும் எண்ணை எட்டுமுன்னரே தண்ணீர் பாய்ச்சலாம். ஒரு தோட்டத்துச் செம்மண்ணின் கணக்கு அடுத்த தோட்டத்துக் கரிசலுக்குப் பொருந்தாது. கிணற்று நீரின் உப்பு மாறினாலும் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

உணர்கருவி ஒவ்வொருவருக்கும் தனியே வேண்டும். நுட்பமான தராசும், நீரின் உப்பை அளக்கும் மீட்டரும் பொதுவில் ஒன்றிருந்தாற் போதும். இவற்றைச் சங்கம் வாங்கி முறைவைத்து அளிக்கலாம். பற்றவைப்பு வேலை அறிந்த இளைஞர்கள் நம் குடும்பங்களிலேயே உள்ளனர். அவர்கள் கருவி செய்ய, குடியானவர்கள் மண்ணை நிறுக்க, கணக்குகளைச் சங்கத்தில் ஒரே பதிவேட்டில் எழுதிவைத்தால், எந்தத் தோட்டத்தில் உப்பு ஏறுகின்றது என்பதும் காலப்போக்கில் தெளிவாகும். அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து, கோடை தொடங்குமுன் ஒரு பாத்தியிலேனும் சோதித்துப் பார்க்க முன்வருவார்களாக.