முன்பணம் கொடுக்கும் முன்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், சிலியாவ், லாபு, லிங்கி வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலம் ஒன்று உண்டு. விடியற்காலையில் பால்மரம் சீவச் சென்ற தொழிலாளர்கள், பால் எடுத்து முடித்ததும் வாளிகளோடு நிறுவைக் கொட்டகையில் வரிசையாக நிற்பர். கிராணி பாலை நிறுத்துப் பார்ப்பார். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதில் ரப்பர் எவ்வளவு உள்ளது என்று கணிப்பார். உழைப்பின் மதிப்பு அந்த அளவைப் பொறுத்தே அமைந்தது. ஆகவே, அளவைத் தம் கண்ணால் பார்ப்பது தொழிலாளிக்கு முக்கியமாக இருந்தது. மளிகைக் கடையிலும் இதே நிலைதான். கடன் வாங்கிய பொருள்களை ‘555’ எனப்படும் சிறு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைப்பர். கடைக்காரர் நல்லவர் என்பதற்காகக் கணக்கு எழுதுவதை யாரும் நிறுத்திவிடவில்லை.

அந்தத் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் செனவாங், நீலாய் போன்ற தொழிற்பேட்டைகளில் பணிபுரிகின்றனர். சேமிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்குக் ‘கேம்பர் வேன்’ ஒன்றை வாங்க விரும்புவோரும் அவர்களிடையே இருக்கலாம். பொருள் புதியது, ஆனால், கையாள வேண்டிய முறை பழையதுதான். அளவைப் பார்ப்பதும் கணக்கை எழுதி வைப்பதுமே அந்த முறை.

கேம்பர் வேன் என்பது யாது?

படுக்கை, சமையல் மேடை, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, மின்விளக்கு ஆகியவற்றைப் பொருத்தி, தங்குவதற்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்ட வேனே கேம்பர் வேன் ஆகும். ஜெர்மனி நாட்டின் வெஸ்ட்பாலியா நிறுவனம் 1951ஆம் ஆண்டிலேயே வோல்க்ஸ்வேகன் வேனுக்குள் இத்தகைய அமைப்பைப் பொருத்தியது. பின்னர் இப்பழக்கம் உலகெங்கும் பரவியது. மலேசியாவில் டொயோத்தா ஹையேஸ், நிசான் உர்வான் போன்ற வேன்கள் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன.

இதில் வாங்குபவர் உணர வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. கடையில் சட்டை வாங்குபவர் சட்டையைப் பார்த்த பிறகு பணம் கொடுக்கிறார். வேனை மாற்றியமைக்கக் கொடுப்பவரோ, இன்னும் உருவாகாத பொருளுக்கு முன்பணம் கொடுக்கிறார். வேனைத் தயாரித்த நிறுவனம் ஒன்று. அதை மாற்றியமைக்கும் பட்டறை வேறொன்று. பட்டறை செய்த மாற்றங்களால் ஏற்படும் பழுதுக்கு வேன் நிறுவனம் பொறுப்பேற்கும் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே, வேனைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் பட்டறையைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

பெயரும் பதிவும்

மலேசியாவில் தொழில் நடத்துவோர், மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எஸ்.எஸ்.எம். எனப்படும் இவ்வாணையத்தின் இணையச் சேவையின்வழி, சிறு கட்டணம் செலுத்தி, ஒரு நிறுவனத்தின் பதிவு விவரங்களைப் பெறலாம். நிறுவனம் எப்போது தொடங்கப்பட்டது, அதன் உரிமையாளர் அல்லது இயக்குநர் யார், பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பன அதனால் தெரியவரும். வங்கிக் கணக்கும் பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். “இந்தக் கணக்கில் போடுங்கள்” என்று தனி ஒருவரின் கணக்கு எண் கொடுக்கப்பட்டால் அங்கேயே நின்று காரணம் கேட்க வேண்டும்.

ஆயினும், பதிவுச் சான்றிதழ் திறமைச் சான்றிதழ் ஆகாது. நிறுவனம் உண்மையில் இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. வேலை எப்படி இருக்கும் என்பதை அறியப் பட்டறைக்கு நேரில் செல்வதே சிறந்த வழியாகும். முடிந்த வேனைக் காட்டிலும் பாதி வேலையில் நிற்கும் வேனே அதிக உண்மையைச் சொல்லும். பலகை அடித்து மூடிய பிறகு மின்கம்பிகள் எப்படி இழுக்கப்பட்டுள்ளன என்பதை யாராலும் காண இயலாது. தகரத்தில் துளையிட்ட இடங்களில் துருத் தடுப்புப் பூச்சு பூசப்பட்டுள்ளதா, கம்பிகள் கூர்மையான விளிம்பில் உராயாமல் உறைக்குள் செல்கின்றனவா என்பவற்றைப் பாதி வேலையில் நிற்கும் வேனில்தான் பார்க்கலாம்.

முன்னாள் வாடிக்கையாளர்களிடம் விசாரிப்பதும் அவசியம். சென்ற மாதம் வேனைப் பெற்றவர் மகிழ்ச்சியாகத்தான் பேசுவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெற்றவரையே தேடிப் பேச வேண்டும். கூரை ஒழுகுமா, பலகை ஈரத்தில் உப்புமா என்பவை பல மழைக் காலங்களைக் கடந்த பிறகே தெரியும். பழுது நேர்ந்தபோது பட்டறை எப்படி நடந்துகொண்டது என்பதையும் அவர் சொல்லக்கூடும்.

சட்டத்திற்கு உட்பட்ட மாற்றம்

வாகனத்தின் அமைப்பை உரிமையாளர் விருப்பம்போல் மாற்றிவிட இயலாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் இத்தகைய மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் தேவை. மாற்றியமைக்கப்பட்ட வாகனம் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும். புஸ்பாகோம் நிறுவனம் 1994ஆம் ஆண்டு முதல் நாட்டில் வாகனப் பரிசோதனைப் பணியைச் செய்து வருகிறது.

எனவே, “ஒப்புதலுக்கு விண்ணப்பிப்பவர் யார்? பரிசோதனையில் தேறாவிட்டால் திருத்தும் செலவு யாருடையது?” என்னும் இரண்டு வினாக்களைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். “அதெல்லாம் தேவையில்லை, யாரும் பிடிக்கமாட்டார்கள்” என்று கூறும் பட்டறையை விட்டு விலகுவதே நல்லது. சாலையில் நிறுத்தப்பட்டால் அபராதம் செலுத்துபவர் பட்டறைக்காரர் அல்லர், வேனின் உரிமையாளரே. மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால், விபத்து நேரும்போது இழப்பீடு பெறுவதில் சிக்கல் எழலாம். வேன் வங்கிக் கடனில் வாங்கப்பட்டிருந்தால், கடன் முடியும்வரை வங்கிக்கும் அதில் உரிமை உண்டு. அதன் இசைவையும் பெற வேண்டும்.

கணக்கு சொல்லும் உண்மை

நம்பத்தக்க பட்டறை கணக்கைக் கண்டு அஞ்சாது. எடுத்துக்காட்டாக, “இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும்” என்று விற்பனையாளர் கூறுவதாகக் கொள்ளலாம். வேனில் 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி கொண்ட மின்கலம் பொருத்தப்படுகிறது. 12ஐயும் 200ஐயும் பெருக்கினால் 2,400 வாட் மணி கிடைக்கும். குளிர்பெட்டி சராசரியாக 45 வாட் எடுத்துக்கொண்டால், 24 மணி நேரத்தில் 1,080 வாட் மணி செலவாகும். விளக்கு, விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்கு 300 போனால், எஞ்சுவது 1,020 வாட் மணி. 700 வாட் குளிர்சாதனம் தொடர்ந்து இயங்கினால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மின்கலம் வெறுமையாகிவிடும். மின்கலம் ஈய அமில வகையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அவ்வகை மின்கலம் நீடித்து உழைக்க வேண்டுமெனில், அதன் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதியையே பயன்படுத்த வேண்டும். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். இதைக் கேட்டதும் விற்பனையாளர் தம் கணக்கை எடுத்துக் காட்டுகிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும்.

எடையும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். 80 லிட்டர்த் தொட்டி நிரம்பினால் 80 கிலோகிராம் கூடும். அதனுடன் மரச்சாமான்கள் 300, மின்கலமும் சூரியத் தகடும் 70, அடுப்பும் குளிர்பெட்டியும் 60, நான்கு பயணிகள் 260, உணவும் துணிமணியும் 90 எனக் கூட்டினால் 860 கிலோகிராம் ஆகிறது. வேன் தாங்கக்கூடிய சுமை 800 என்றால், பயணம் தொடங்கும் முன்னரே அது வரம்பை மீறிவிட்டது. அதிகச் சுமை ஏற்றிய வாகனத்தை நிறுத்தக் கூடுதல் தூரம் தேவைப்படும். சக்கர உறைகளும் விரைவில் சூடேறும். கோலக்கிளவாங் மலைச் சாலையில் இறங்கும்போது இதன் விளைவு தெரியவரும்.

உயிர் காக்கும் வினாக்கள்

விலையைப் பேசலாம், உயிருக்குப் பேரம் கிடையாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையை ஒட்டித் தேங்கும். ஆகவே, எரிவாயுக் கலனை வைக்கும் பெட்டி உறங்கும் பகுதியிலிருந்து முற்றாகத் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் அடிப்பகுதியில் வெளியே திறக்கும் துவாரமும் இருக்க வேண்டும். மூடிய வேனுக்குள் அடுப்பு எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உருவாகலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொல்லக்கூடியது. காற்றோட்டமும் எச்சரிக்கைக் கருவியும் இல்லாத வேனில் குடும்பத்தை உறங்க வைக்கக் கூடாது.

மின்கலத்தின் அருகில் மின் உருகி பொருத்தப்பட்டுள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். உருகி இல்லையேல், கம்பி ஒன்று உராய்ந்து தகரத்தைத் தொட்டாலே தீப்பற்றும் அபாயம் உண்டு. பயணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் முறையாகப் பொருத்தப்பட்ட இருக்கையும் இருக்கைப் பட்டையும் வேண்டும். மலேசியாவில் 2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் பின்னிருக்கைப் பயணிகளும் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயமாகும். படுக்கையில் பாட்டியைப் படுக்க வைத்துக்கொண்டு வேனை ஓட்டலாம் என்று சொல்பவர் நம்பத்தக்கவர் அல்லர்.

எழுத்தில் இருப்பதே உறுதி

வாய்மொழி வாக்கு காற்றோடு போகும். ஒப்பந்தத்தில் வேலையின் விவரம், பொருத்தப்படும் பொருள்களின் வகையும் அளவும், மொத்த விலை, முடித்துக் கொடுக்கும் நாள், தாமதமானால் என்ன செய்யப்படும், உத்தரவாதக் காலம் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். ‘தரமான மின்கலம்’ என்று எழுதியிருந்தால் போதாது. எந்த வகை, எத்தனை ஆம்பியர் மணி என்பதும் குறிப்பிடப்பட வேண்டும்.

பணத்தை ஒரே முறையில் கொடுத்துவிடக் கூடாது. 40,000 ரிங்கிட் வேலையாயின், ஒப்பமிடும்போது 4,000, மின்கம்பி வேலை முடிந்து பலகையால் மூடுவதற்கு முன் நேரில் பார்த்த பிறகு ஒரு பகுதி, மரவேலை முடிந்த பிறகு ஒரு பகுதி, பரிசோதனையில் தேறிய பிறகு எஞ்சியது எனப் பிரித்துக் கொடுக்கலாம். கொடுத்த பணம், முடிந்த வேலையை மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு பெற்று, தேதி வாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும். பழைய ‘555’ புத்தகம் செய்த வேலை இதுதான்.

சட்டத்தின் துணை

அனைத்தையும் ஆராய்ந்த பிறகும் தவறு நேரலாம். அப்போது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. சேவை வழங்குபவர் போதிய கவனத்தோடும் திறனோடும் வேலை செய்ய வேண்டும் என்பது இச்சட்டம் தரும் உத்தரவாதமாகும். இதன்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைத் தாக்கல் செய்யலாம். இதற்கான கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞரை அமர்த்தத் தேவையில்லை. எனினும், மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்துவிட வேண்டும். இச்சட்டம் சொந்தப் பயன்பாட்டிற்காக வாங்குபவருக்கு உரியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மன்றத்தில் பேசுவது கண்ணீர் அன்று. ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் படங்களுமே பேசும்.

திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ஒருவரை ஆராய்ந்த பின் நம்ப வேண்டும் என்பது அதன் கருத்து. ஆராய்வது அவமதிப்பு ஆகாது. நேர்மையான பட்டறைக்காரருக்குக் கேள்விகள் சுமையாவதில்லை. தம் வேலையைக் காட்டக் கிடைத்த வாய்ப்பாகவே அவர் அவற்றைக் கருதுவார். கேள்வி கேட்டதும் சினம் கொள்பவரிடமிருந்து குடும்பத்தின் சேமிப்பைக் காத்துக்கொள்வதே அறிவுடைமை.

தோட்டத்தில் ஒரு வெள்ளியைச் சேர்க்க எத்தனை மரங்களைச் சீவ வேண்டியிருந்தது என்பதை மூத்தோர் அறிவர். அந்தச் சேமிப்பு சக்கரங்கள் மேல் ஒரு வீடாக மாறி, பேரப்பிள்ளைகளைப் போர்ட் டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது மகிழ்ச்சிக்குரியது. அந்த மகிழ்ச்சி நிலைக்க வேண்டுமானால், ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.