பாட்டியின் கல்யாணத்துக்குச் சான்றிதழ் எங்கே?

பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடத்துக்காக மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றை எழுதி வரச் சொன்னார்கள். பெயர், பிறந்த தேதி, திருமணத் தேதி, ஆதாரம் என்று நான்கு கட்டங்கள். அப்பா அம்மாவுக்குப் பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். கிள்ளானில் இருக்கும் பாட்டியிடம் வந்தபோது மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.

"கல்யாண சர்டிபிகேட் இருக்கா பாட்டி?"

"அதெல்லாம் எங்கய்யா இருந்துச்சு? தோட்டமே நின்னு பாத்துச்சு. மாரியம்மன் கோயில்ல உங்க தாத்தா தாலி கட்டுனாரு. கிராணியாரே வந்து அஞ்சு வெள்ளி மொய் எழுதுனாரு. அதுக்கு மேல என்ன காகிதம்?"

அந்த மொய் நோட்டு இன்னும் அவரிடம் இருந்தது. தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே "பிலவ வருடம் ஆவணி மாதம்". தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 2021 பிலவ ஆண்டு; அதற்கு முந்தைய பிலவ 1961. பெரியப்பாவின் பிறப்புப் பத்திரம் 1962 என்கிறது. கணக்கு சரியாக வந்தது.

இப்படித் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பாட்டியின் பெயர் மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் மூன்று விதமான ஆங்கில எழுத்துகளில் இருக்கிறது. எழுதியவரின் காதில் விழுந்ததுதான் பெயர். ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் உங்கள் பாட்டியே உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

சான்றிதழ் இல்லாத கல்யாணம் தோட்டத்து ஏழைகளின் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். காஜாங்கின் இஞ்ச் கென்னத், பூச்சோங் பக்கத்துக் கின்ராரா, இவையெல்லாம் ஸ்காட்லாந்துப் பெயர்கள். தோட்டத் துரைமார்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். அவர்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அங்கே பாதிரியாரும் வேண்டாம், பதிவதிகாரியும் வேண்டாம். ஒருவனும் ஒருத்தியும் "இன்றுமுதல் நாம் கணவன் மனைவி" என்று மனமொத்துச் சொன்னாலே திருமணம் செல்லும். 'முறைசாராத் திருமணம்' என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் 1754 முதல் கெடுபிடி வந்ததும், காதலர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் என்ற சிற்றூருக்கு ஓடியது இதனால்தான். இந்த வழி 1940-இல்தான் மூடப்பட்டது. ஊரார் கணவன் மனைவி என்று ஏற்க, சேர்ந்து வாழ்ந்ததாலேயே உண்டாகும் திருமணம் 2006 வரை இருந்தது!

செல்லும், சரி. நிரூபிப்பது எப்படி? சில தம்பதிகள் தாங்களே நீதிபதிமுன் போய், முறைதவறி மணந்துகொண்டோம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறு அபராதம் கட்டினார்கள். அந்தத் தீர்ப்பு நகலே அவர்களுக்குக் கல்யாணப் பத்திரம். தேவாலயப் பெரியவர்கள் கூப்பிட்டுக் கண்டித்த விசாரணைக் குறிப்புகளில்தான் இன்று அந்நாட்டார் தங்கள் கொள்ளுப்பாட்டிகளைத் தேடுகிறார்கள். நமக்கு மொய் நோட்டு, அவர்களுக்கு அபராதக் குறிப்பு.

தமிழ்நாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போனது. அண்ணா ஆட்சியில் 1967-இல் வந்த சட்டத் திருத்தம், அதற்கு முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்தே செல்லும் என்றது.

இனி நம் நாடு. இங்கே நினைவில் வைக்கவேண்டிய தேதி 1982 மார்ச் 1. அன்றுதான் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாருக்கான சட்டம் இது. அதற்கு முன்பும் பதிவு செய்ய வழி இருந்தது. 1952-இலேயே சிவில் திருமணச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கட்டாயம் இல்லை. அந்தத் தேதிக்குமுன் சமயப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்த திருமணங்களைப் பதிவு செய்யப்பட்டவையாகவே கருதவேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. பாட்டி சொன்னதுதான் சட்டமும் சொல்கிறது.

1982-க்குப் பிறகு நிலைமை வேறு. இந்தச் சட்டத்தின்படி அல்லாமல் வழக்கப்படி மட்டும் திருமணம் நடத்த முடியாது என்கிறது 5-ஆம் பிரிவு. பதிவு செய்யாத ஒரே காரணத்தால் திருமணம் செல்லாமல் போகாது என்கிறது 34-ஆம் பிரிவு. இரண்டையும் வைத்து நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே மாதிரி தீர்ப்பளித்ததில்லை. இலாகா முகப்பில் இந்த வாதமெல்லாம் எடுபடாது. சான்றிதழ் எங்கே என்பார்கள்.

இதை நான் பிரிக்பீல்ட்ஸில்தான் நேரில் பார்த்தேன். வார இறுதியில் அங்கே டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படிக்கும் ஒரு பையனுக்கு 17 வயது. கணிதத்தில் கெட்டிக்காரன். அப்பா மலேசியர், அம்மா தமிழ்நாட்டுக்காரர். கோயிலில் தாலி கட்டினார்கள், முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். "அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருந்துட்டோம் தம்பி" என்றார் அப்பா. அந்த 'அப்புறம்' மகன் பிறந்த பிறகுதான் வந்தது.

அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, இங்கே பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். ஆனால் முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்று கருதப்பட்டால், 'தந்தை' என்ற இடத்தில் 'தாய்' என்று படிக்கவேண்டும் என்று அதே அட்டவணையின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. தாயோ வெளிநாட்டவர். கோலாலம்பூரில் பிறந்த பையனின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா', குடிமகன் அல்லன்.

தாலி கட்டியது அப்பா, பதியாமல் விட்டது அப்பா அம்மா இருவரும். மைகார்டு இல்லாதது இவனுக்கு. பிடிபிடிஎன் கல்விக் கடனும் குடிமக்களுக்குத்தான். சட்டம் தவறு செய்தவர்களை விட்டுவிட்டு, அப்போது பிறக்காதவனைப் பிடித்துக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இத்தனைக்கும் பதிவு செய்வது கடினமில்லை. உதவிப் பதிவாளராக நியமனம் பெற்றவர் உள்ள கோயில்களில் சடங்கையும் பதிவையும் ஒன்றாகவே முடிக்கலாம். மண்டபத்துக்கும் மேளத்துக்கும் ஒரு வருடம் முன்பே சொல்லி வைக்கிறோம். பாரத்தை மட்டும் மறந்துவிடுகிறோம். உங்கள் அண்ணன், அக்கா கல்யாணப் பேச்சு வீட்டில் நடந்தால், பத்திரிகை அடிக்கும் முன்னே இதைக் கேளுங்கள்.

என் கட்டுரையில் பாட்டியின் மூன்றாவது கட்டத்தில் "ஆவணி 1961" என்று எழுதினேன். ஆதாரம்: மொய் நோட்டு. விரிவுரையாளர் ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பையனுக்காக அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பித்திருக்கிறார்கள். சிறப்புச் சூழலில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. பதில் இன்னும் வரவில்லை. அவன் எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.