அசிட்டிலினுக்குச் செம்பு ஆகாது

கேஸ் வெல்டிங் பிராக்டிகலில் ஒரு நாள் அசிட்டிலின் ஹோஸ் கிழிந்துவிட்டது. எங்கள் பேட்ச் நண்பன் கிழிசலை வெட்டி எறிந்துவிட்டு, பெஞ்சில் கிடந்த செம்புக் குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் சொருகி கிளிப் போடப் போனான். "டேய், கையை எடுடா!" என்று இன்ஸ்ட்ரக்டர் போட்ட சத்தத்தில் ஷாப்பே அடங்கிவிட்டது. செம்பு என்ன பாவம் செய்தது என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை.

அசிட்டிலினில் இருப்பது இரண்டு கார்பன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கார்பன்கள் இரண்டும் முப்பிணைப்பால் கட்டுண்டு, நிறைய ஆற்றலை உள்ளே அடக்கி வைத்திருக்கின்றன. யாரோடு சேருகிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும்.

ஆக்சிஜனோடு சேர்ந்தால் நமக்குத் தெரிந்த சுடர். நியூட்ரல் சுடரில் இரண்டு வாயுவும் ஏறக்குறைய சம அளவு. உட்கூம்பில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. வெப்பம் சுமார் 3100 டிகிரி செல்சியஸ். இவை இரண்டும் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி வெளிச்சுடராக எரிகின்றன. உருகிய இரும்பைக் காற்று தீண்டாமல் காப்பதும் இவைதான். முழுதாக எரிய ஒரு பங்கு அசிட்டிலினுக்கு இரண்டரைப் பங்கு ஆக்சிஜன் வேண்டும். சிலிண்டர் தருவது ஒரு பங்கு. மீதி ஒன்றரை காற்றிலிருந்து போகிறது. மூடிய தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் செய்கிறவருக்கு மூச்சு முட்டுமா, முட்டாதா? நீங்களே கணக்குப் போடுங்கள்.

அசிட்டிலின் அதிகமானால் உட்கூம்பைச் சுற்றி வெள்ளை இறகு மாதிரி தெரியும். மிஞ்சிய கார்பன் உருகிய எஃகில் கரைந்து, வெல்டிங் கெட்டியாகி நொறுங்கும் தன்மை பெறும். வளைத்தால் 'படக்'. (ஹார்டு ஃபேசிங்குக்கு மட்டும் இதே சுடர்தான் வேண்டும்!)

இனி செம்பு. அசிட்டிலினின் ஹைட்ரஜன் கழன்று, அந்த இடத்தில் செம்பு வந்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் காப்பர் அசிட்டிலைடு. குழாயின் உட்புறம் செம்பழுப்பாகப் படியும். காய்ந்தபின் ஒரு தட்டு, ஓர் உரசல் போதும், வெடித்துவிடும். அதைத் தொடர்ந்து ஹோஸிலுள்ள வாயுவும் பற்றிக்கொள்ளும். "நாசில் செம்புதானே சார்?" என்று நானும் கேட்டேன். நாசிலில் வாயு தேங்குவதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே இருக்கிற அளவும் கொஞ்சம்தான்.

இன்னொரு விஷயம். யாரோடும் சேராமலே இது வெடிக்கும். அழுத்தம் கூடினால், ஒரு சிறு சூட்டிலோ அதிர்ச்சியிலோ கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் தானே பிரிந்துவிடும். அதனால்தான் ரெகுலேட்டரில் 15 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை அடைத்து, அதில் அசிட்டோனை ஊற்றி, வாயுவை அதில் கரைத்து வைத்திருக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்க வைத்து உபயோகித்தால் வாயுவோடு அசிட்டோனும் வெளியே வரும்.

அந்தச் செம்புத் துண்டு ஸ்கிராப் பெட்டிக்குப் போனது. புது ஹோஸுக்கு இன்டென்ட் எழுதி, அது வந்துசேரப் பத்து நாள். அதுவரை எங்கள் பேட்சுக்கு ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைலிங்தான்.