ஃபேசிங் சுத்தமாக வர

ராஜ்கோட், லூதியானா, பெங்களூர் பீன்யா. இந்த ஊர்களில் லேத் பட்டறைகள் நிறைய உண்டு. அங்கே புதிதாகச் சேருபவர் முதலில் பழகும் வேலைகளில் ஒன்று ஃபேசிங். அறுத்து வந்த இரும்பு ராடின் முனை கரடுமுரடாக இருக்கும். அதைச் சமமாகச் சீவுவதுதான் ஃபேசிங்.

இது ஏன் முக்கியம்? ராடின் நீளத்தை இந்த முகத்தில் இருந்துதான் அளக்கிறோம். முகம் கோணலானால் அளவும் தப்பும். பம்பின் முகம் சரியில்லை என்றால் தண்ணீர் கசியும். பீஸ் தள்ளுபடியாகும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அன்றைய உழைப்பு வீண்.

டூலின் உயரம்

டூலின் முனை ராடின் நடுமையத்துக்கு நேராக இருக்க வேண்டும். கீழே இருந்தால் நடுவில் சிறு குமிழ் மிஞ்சும். மேலே இருந்தால் நடுவை நெருங்கும்போது டூல் வெட்டாமல் உரசும். உயரம் பார்ப்பது எளிது. டெயில் ஸ்டாக்கில் சென்டரை மாட்டுங்கள். அதன் கூர்முனையோடு டூல் முனையை ஒட்டிப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் அடியில் தகடு வையுங்கள்.

ஆட்டம் கூடாது

ராடும் டூலும் அதிகம் வெளியே நீளக் கூடாது. நீண்டால் அதிரும். முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். கேரேஜைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் அது பின்னால் நகரும், முகம் சமமாக வராது.

வேகம்

களத்தில் பிணையல் மாடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெளி மாடு வேகமாக நடக்கும். உள் மாடு மெல்லத் திரும்பும். ராடும் அப்படித்தான். ஓரத்தில் வேகம் அதிகம். நடுவில் வேகமே இல்லை. அதனால் நடுவை நெருங்கும்போது கைப்பிடியை இன்னும் மெதுவாகத் திருப்புங்கள்.

50 மி.மீ. மைல்டு ஸ்டீல் ராடுக்கு, எச்.எஸ்.எஸ். டூல் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று போதும். 25 மி.மீ. ராடுக்குச் சுமார் 380 சுற்று. லேத்தின் தகட்டில் வேகங்கள் எண்ணாக எழுதியிருக்கும். இனி யாரையும் கேட்க வேண்டாம். நீங்களே படிக்கலாம். அதே எண் இல்லாவிட்டால் அதற்கு அடுத்த குறைந்த எண்ணை வையுங்கள்.

கடைசி வெட்டு

முதலில் கனமாகச் சீவுங்கள். கடைசி வெட்டுக்கு முன் டூல் முனையை எண்ணெய்க் கல்லில் தேயுங்கள். பிறகு 0.1 அல்லது 0.2 மி.மீ. மட்டும் சீவுங்கள். நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராகத் தள்ளுங்கள். ஸ்டீலுக்குக் கூலண்ட் விடுங்கள். வார்ப்பிரும்பைக் காய்ந்தபடியே வெட்டலாம்.

லேத்தை நிறுத்திவிட்டு ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் முகம் சமம்.

மறக்காதீர்கள்

சக் சாவியை எடுத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். கண்ணாடி அணியுங்கள். தொங்கும் துணி, கையுறை வேண்டாம். சுருளைக் கையால் இழுக்காதீர்கள். கொக்கியால் எடுங்கள். கெட்டுப்போன பீஸுக்குப் பதில் வேறு பீஸ் கிடைக்கும். விரல் கிடைக்காது.

யோசியுங்கள்: சீவிய முகத்தின் நடுவில் குமிழ் இருக்கிறது. எதைச் சரிசெய்ய வேண்டும்?